நேரோபோட்டில் ஒரு பகல்: லங்கோலென் கால்வாயில் நிதானமாகப் பயணம் செய்யும் முறை

இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயர் வயல்வெளிகளிலிருந்து வேல்ஸ் நாட்டு மலையடிவாரத்துக்கு ஏறிச் செல்கிறது லங்கோலென் கால்வாய். அதன் கரையில் உள்ள ஹிண்ட்ஃபோர்ட் என்ற சிற்றூருக்கும் ஃப்ரான்கசல்தெ என்ற மலைச்சரிவுக் கிராமத்துக்கும் இடையே ஏறக்குறைய ஏழு மைல் தூரம் இருக்கிறது. காரில் போனால் சற்று நேரத்தில் முடிந்துவிடும் இந்தத் தூரத்துக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். முதன்முறை குடும்பத்தோடு படகு எடுத்தபோது, அன்றைக்கே லங்கோலென் ஊரை எட்டிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு, காலை முதல் அந்தி வரை சுக்கானை விட்டு நகராமல் நின்றேன். ஊர் வந்து சேர்ந்தது. வழியில் கண்டது எதுவும் மனத்தில் தங்கவில்லை. அடுத்த ஆண்டு அதே வழியைப் பாதி தூரமாகக் குறைத்துக்கொண்டு போனபோதுதான் இந்தப் பயணத்தின் சுவை புரிந்தது. நிதானம் தானாக வாய்ப்பதில்லை; அதற்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. அதை எப்படி ஒதுக்குவது என்பதே கீழே வருவது.

படகும் கால்வாயும்

நேரோபோட் என்பது 6 அடி 10 அங்குல அகலமும், சில சமயம் 70 அடி வரை நீளமும் கொண்ட ஒடுங்கிய படகு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர், செலவையும் நீரையும் மிச்சப்படுத்துவதற்காகத் தம் கால்வாய்களின் லாக்குகளை, அதாவது படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளை, ஏறக்குறைய 7 அடி அகலத்தில் கட்டினார். படகுகளும் அந்த அளவுக்குள் அடங்கின. குதிரை கரையில் நடந்து இழுக்க, நிலக்கரியும் சுண்ணாம்பும் இரும்பும் ஏற்றிச் சென்ற அந்தப் படகுகளின் வடிவத்தில்தான் இன்றைய சுற்றுலாப் படகுகளும் செய்யப்படுகின்றன. சரக்கு வைத்த இடத்தில் இப்போது சமையலறையும் படுக்கையும் குளியலறையும் வந்திருக்கின்றன. பின்புறத்தில் டீசல் எஞ்சின் இருக்கிறது.

லங்கோலென் கால்வாய்க்கு பெரும்பாலான கால்வாய்களிடம் இல்லாத ஒரு குணம் உண்டு: இதில் தண்ணீர் ஓடும். லங்கோலெனுக்கு மேலே டீ என்ற ஆற்றின் குறுக்கே, 1808இல் தாமஸ் டெல்ஃபோர்ட் என்ற பொறியாளர் கட்டிய குதிரை லாட வடிவத் தடுப்பணையிலிருந்து கால்வாய்க்குள் நீர் பாய்கிறது. படகுகளுக்குப் போக மிஞ்சும் நீர் மறுமுனையில் உள்ள ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்தை அடைந்து, சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகிறது. நாளொன்றுக்கு 5 கோடி லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் இந்த வழியே போகிறது. 1944இல் ஒரு சட்டத்தின் மூலம் இந்தக் கால்வாயில் படகுப் போக்குவரத்தைக் கைவிட்டார்கள். அப்போதும் இதைத் தூர்த்துவிடாமல் விட்டுவைத்ததற்குக் காரணம் இந்தக் குடிநீர்தான். படகோட்டுபவர் இதை அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் நாம் போகப்போவது நீரோட்டத்துக்கு எதிர்த் திசையில். குறுகலான இடங்களில் அந்த எதிர்ப்பு கையிலேயே தெரியும்.

படகை வாடகைக்கு எடுத்தல்

இங்கே வாடகைப் படகை ஓட்டுவதற்கு உரிமம் எதுவும் தேவையில்லை. வாரக் கணக்கிலோ, மூன்று நான்கு நாட்களுக்கோ, தங்கும் வசதியில்லாத பகல்படகாக ஒரே நாளுக்கோ எடுக்கலாம். நான் இங்கே சொல்லும் வழி, சில நாட்களுக்குப் படகு எடுத்தவர்கள் நடுவில் ஒரு நாளை இப்படிக் கழிப்பதற்குப் பொருந்தும். பகல்படகு எடுப்பவர்கள் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும் என்பதால் தூரத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு 45 முதல் 50 அடிப் படகு தாராளமாகப் போதும். 60 அடிக்கு மேல் போனால், ஒவ்வொரு வளைவிலும் படகின் வாலும் தலையும் எங்கே இருக்கின்றன என்ற கவலையிலேயே முதல் நாள் போய்விடும்.

மே மாதத்தையும் ஜூன் முற்பகுதியையும் தேர்ந்தெடுங்கள். வேலிகளில் முள்மரங்கள் வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும், வாத்துகள் குஞ்சுகளோடு திரியும், இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பள்ளி விடுமுறை விடும் ஆகஸ்டில் இந்தக் கால்வாய் நெரிசலாகிவிடும். லாக்குக்கு முன் வரிசையில் நிற்பதே ஒரு மணி நேர வேலையாகலாம். குளிர்காலத்தில் பழுதுபார்ப்புக்காக ஆங்காங்கே கால்வாயை மூடுவார்கள். 2012 முதல் இந்தக் கால்வாய்களைப் பராமரித்து வரும் கனால் அண்டு ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை அந்த அறிவிப்புகளை முன்னதாகவே வெளியிடும். பணம் கட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

படகை ஒப்படைப்பவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பாடம் சொல்லுவார். அப்போது தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்காமல், ஒவ்வொன்றையும் உங்கள் கையால் செய்து காட்டுவதாகச் சொல்லுங்கள்: எஞ்சினைக் கிளப்புவது, நிறுத்துவது, சமையல் வாயுவை மூடுவது, புரொப்பல்லரில் சிக்கும் குப்பையை எடுப்பதற்கான மூடியைத் திறந்து மறுபடி இறுக மூடுவது. அந்த மூடியில் கை வைப்பதற்கு முன் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இதில் விதிவிலக்கே கிடையாது. விண்ட்லஸ் எனப்படும், முழங்கை போல மடிந்த இரும்புத் திருகுபிடி குறைந்தது இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று தண்ணீருக்குள் விழுந்துவிடுவது அடிக்கடி நடப்பது. நீச்சல் தெரியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உயிர்காப்புச் சட்டை கேட்டு வாங்குங்கள். கால்வாய் பெரும்பாலும் இடுப்பளவு ஆழம்தான். ஆனால் லாக்குக்குள் அப்படியில்லை.

நேரக் கணக்கு

கால்வாயில் உச்சவேக வரம்பு மணிக்கு 4 மைல். நடைமுறையில் அந்த வேகத்தை எட்டவும் முடியாது, எட்ட முயலவும் கூடாது. படகோட்டிகள் ஒரு லாக்கை ஒரு மைலாக எண்ணி, மொத்தத்தை மூன்றால் வகுத்து மணிக் கணக்கு சொல்வார்கள். எதிர்நீரோட்டம் உள்ள இந்த வழிக்கு நான் இரண்டேகாலால் வகுக்கிறேன். ஏழு மைலும் இரண்டு லாக்குகளும் சேர்ந்து ஒன்பது. நான்கு மணி நேரம். காலை ஒன்பதுக்குப் புறப்பட்டால், நடுவில் நீண்ட நேரம் நிறுத்தினாலும் மாலை ஐந்து மணிக்குள் சேர்ந்துவிடலாம். எஞ்சின் ஓடும் நேரத்துக்கு நிகரான நேரம் அது நின்றிருக்க வேண்டும் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி.

மதிய உணவைக் காலையிலேயே சமைத்துவிடுவது நல்லது. நாங்கள் புளியோதரையும் தயிர்சாதமும் கிளறி மூடி வைத்துவிடுவோம். கட்டுச்சோறு எந்தப் பயணத்துக்கும் பொருந்தும். படகில் கூடுதலாகப் பொருந்துகிறது, ஏனென்றால் லாக்கில் இரண்டு பேரும், சுக்கானில் ஒருவரும் தேவைப்படும் நேரத்தில் அடுப்பைப் பார்க்க ஆளிருக்காது. தண்ணீர்த் தொட்டியை முந்தின நாளே நிரப்பிவிடுங்கள்.

புறப்படுதலும் சுக்கானும்

எஞ்சினைக் கிளப்பிச் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டபின், முன்கயிற்றையும் பின்கயிற்றையும் அவிழ்த்து, முளைகளைப் பிடுங்கிப் படகில் வையுங்கள். கயிற்றைச் சுருட்டி வைக்கும்போது அதன் நுனி தண்ணீரில் தொங்காமல் பாருங்கள். தொங்கும் கயிறு புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டால் அரைநாள் போய்விடும். நம் மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்முனையைக் கரையிலிருந்து கையால் தள்ளிவிட்டு, அது கால்வாயின் நடுவை நோக்கித் திரும்பியபின் மெதுவாக முன்னோக்கிய கியரைப் போடுங்கள்.

சுக்கான் பிடியை வலப்புறம் தள்ளினால் படகு இடப்புறம் திரும்பும். இது பத்து நிமிடத்தில் பழகிவிடும். பழகுவதற்கு நாளெடுப்பது வேறொன்று: படகு தன் நடுப்பகுதியை அச்சாகக் கொண்டு சுழல்கிறது. அணியம் இடப்பக்கம் போகும்போது, நீங்கள் நிற்கும் பின்பகுதி வலப்பக்கம் வீசுகிறது. ஆகவே பாலத்தின் அடியிலோ, நிறுத்தியிருக்கும் படகின் அருகிலோ போகும்போது, முன்பகுதி தப்பிவிட்டது என்று உடனே திருப்பிவிடக் கூடாது. படகு முழுவதும் கடந்த பின்பே திருப்ப வேண்டும். அடுத்தது, நீங்கள் தள்ளியதற்கும் படகு கேட்பதற்கும் இடையில் இரண்டு மூன்று விநாடிகள் ஆகும். புதியவர்கள் அந்த இடைவெளியில் பதறி இன்னும் அதிகமாகத் தள்ளுவார்கள். அதன்பின் படகு தேவைக்கு மேல் திரும்பும். அதைச் சரிசெய்ய மறுபக்கம் தள்ளுவார்கள். இப்படியே பாம்பு நெளிவதுபோலப் போய்க் கரையில் முட்டும். சிறிதளவு தள்ளுங்கள், காத்திருங்கள், அணியம் அசையத் தொடங்கியதும் பிடியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அணியத்தையும் அதற்கு அப்பால் உள்ள வளைவையும் பார்த்துக்கொண்டிருந்தால் கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

படகுக்கு பிரேக் இல்லை. பின்னோக்கிய கியரைப் போட்டே நிறுத்த வேண்டும், அப்போது சுக்கான் வேலை செய்யாது. கியரை நடுவில் விட்டாலும் அப்படித்தான்; புரொப்பல்லர் தள்ளும் நீர் சுக்கான் பலகையில் பட்டால்தான் அது திருப்பும். மெதுவாகப் போகும்போது கூர்மையான வளைவு வந்தால், பிடியை முழுவதும் ஒருபுறம் தள்ளிக்கொண்டு எஞ்சினுக்கு ஒரு சிறு உந்துதல் கொடுத்தால் படகு தன் இடத்திலேயே திரும்பிக்கொடுக்கும்.

வேகத்தைக் காட்டும் கருவி எதுவும் படகில் இருக்காது. பின்னால் திரும்பிப் பாருங்கள். படகின் அலை கரையில் மோதி உடைந்து மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்தால், வேகம் அதிகம். ஆழம் குறைந்த, ஒடுங்கிய நீரில் எஞ்சினை முடுக்கினால், படகு தனக்கு முன்னால் இருக்கும் நீரை உறிஞ்சிப் பின்னால் தள்ளுகிறது, பின்பகுதி கீழே அமிழ்கிறது. சத்தமும் டீசல் செலவும் கூடுமே தவிர முன்னேற்றம் கூடாது. கரையோரம் நிறுத்தப்பட்ட படகுகளைக் கடக்கும்போது, எஞ்சினை அதன் மிகக் குறைந்த வேகத்துக்கு இறக்கிவிடுங்கள். முதல் படகுக்கு வந்த பின் இறக்கினால் பயனில்லை. நான்கு படகு நீளம் முன்னதாகவே இறக்க வேண்டும். அந்தப் படகுகளுக்குள் யாரோ ஒருவர் அடுப்பில் கொதிநீர் வைத்திருக்கலாம் என்று எண்ணிக்கொண்டால் மறக்காது.

எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குவது விதி. ஆனால் தூரத்தில் கண்டவுடனே கரையோரம் ஒதுங்கிவிடாதீர்கள். கால்வாய் கிண்ணம் போன்ற குறுக்குவெட்டு கொண்டது, ஓரத்தில் ஆழமில்லை. நடுவிலேயே நெருங்கி, கடைசியில் தேவையான அளவு மட்டும் விலகினால் இரண்டும் கடந்துவிடும். பாலங்களின் அடியில் ஒரு படகுக்கே இடம். எதிரே வருபவர் நீரோட்டத்தோடு வருகிறார், அவருக்கு நிறுத்துவது கடினம். ஆகவே நாம் நின்று வழிவிடுவதே முறை. தரை தட்டிவிட்டால் முன்னோக்கி முடுக்காதீர்கள். வந்த வழியே பின்னோக்கி எடுங்கள், ஆட்களைத் தட்டாத பக்கம் போகச் சொல்லுங்கள், நீண்ட கழியால் கரையைத் தள்ளுங்கள். கழியின் நுனியை மார்புக்கு நேராக வைக்காமல், உடலுக்குப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். பதினைந்து டன் எடையுள்ள படகைக் கையாலோ காலாலோ தாங்கித் தடுக்க எவரும் முயலக் கூடாது. முட்டினால் முட்டட்டும், அது இரும்புப் படகு.

நியூ மார்ட்டன் லாக்குகள்

ஹிண்ட்ஃபோர்டைத் தாண்டியதும் நியூ மார்ட்டன் லாக்குகள் இரண்டும் வரும். இவற்றுக்கு மேல் லங்கோலென் வரை லாக்கே கிடையாது. ஆகவே இந்த இரண்டையும் பொறுமையாக அனுபவித்துக் கடக்கலாம். லாக் என்பது இரு முனையிலும் கதவுகள் கொண்ட கல்தொட்டி. தொட்டிக்குள் நீரை விட்டும் வெளியேற்றியும் படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கதவுகளை நம் பலம் திறப்பதில்லை. இருபுறமும் நீர் ஒரே மட்டத்துக்கு வந்தபின் கதவில் பொருத்திய நீண்ட உத்திரத்தை முதுகால் தள்ளினால் திறக்கும். ஓர் அங்குல வேறுபாடு இருந்தாலும் பத்துப் பேர் தள்ளினாலும் அசையாது. இதை நம் வீட்டுக் குழந்தைகள் கண்டு வியந்ததைப்போல நானும் வியந்தேன்.

லாக்கை நெருங்கும்போது ஒருவரையோ இருவரையோ திருகுபிடியோடு கரையில் இறக்கிவிடுங்கள். இறங்க வேண்டும், குதிக்கக் கூடாது. இந்தக் கால்வாயில் நீர் ஓடிக்கொண்டே இருப்பதால், லாக்கைச் சுற்றிக்கொண்டு ஒரு பக்கவாய்க்கால் வழியே மிகை நீர் கீழ்வாசலுக்கு அருகில் விசையோடு வந்து விழும். உள்ளே நுழையும் படகின் அணியத்தை அது பக்கவாட்டில் தள்ளிவிடும். கொஞ்சம் தைரியமாக, சற்று வேகம் வைத்து, நீர் விழும் பக்கத்தை நோக்கிச் சாய்த்து ஓட்டினால், நுழைவதற்குள் நீர் படகை நேராக்கிவிடும். முதல் தடவை சுவரில் உரசினால் வருந்தாதீர்கள். அந்தக் கற்களில் இருநூறு ஆண்டுகளாக எல்லாப் படகுகளும் உரசியிருக்கின்றன.

கரையில் இருப்பவர் முதலில் மேலிருந்து படகு ஏதும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டி நிரம்பியிருந்து, மேலே படகு நெருங்கி வந்துகொண்டிருந்தால், அவர்களை முதலில் இறங்கவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் நீர் கீழே போகிறது. நிரம்பிய தொட்டியை வீணாகக் காலி செய்வது மரியாதைக் குறைவும்கூட. யாரும் வரவில்லையென்றால், நீர்த்துளைகளை அடைக்கும் பலகைகளான ஷட்டர்களில் மேலே உள்ளவை மூடியிருக்கின்றன என்பதை உறுதி செய்துகொண்டு, கீழ் ஷட்டர்களைத் திருகுபிடியால் தூக்கி நீரை வெளியேற்றுங்கள். மட்டம் சமமானதும் கீழ்க் கதவைத் திறந்து படகை உள்ளே விடுங்கள், பின்னால் கதவை மூடுங்கள், கீழ் ஷட்டர்களை இறக்குங்கள். இதற்குப் பிறகு மேல் ஷட்டரைத் திறக்கும்போதுதான் கவனம் தேவை. முதலில் பாதியளவு தூக்கி நிறுத்துங்கள். உள்ளே பாயும் நீர் படகை முன்னும் பின்னும் ஆட்டும். சுக்கானில் இருப்பவர் மிகக் குறைந்த எஞ்சின் விசையால் அதைத் தன் இடத்தில் வைத்திருப்பார், அணியம் மேல்கதவின் எந்த விளிம்பிலும் மாட்டிக்கொள்ளாமல் உயர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். படகு பாதி உயர்ந்தபின் ஷட்டரை முழுவதும் தூக்கலாம். ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் உடனே ஷட்டர்களை இறக்கிவிடுங்கள். நீர் நின்றுவிட்டால் யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கிடைக்கும்.

ஷட்டரைத் தூக்கியதும் பற்சக்கரத்தில் கொக்கி விழுந்திருக்கிறதா என்று பார்த்துத் திருகுபிடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தண்டிலேயே விட்டால், கொக்கி நழுவும் கணத்தில் அது சுழன்று கையை முறிக்கும். இறங்கும் பயணத்தில் வேறோர் ஆபத்து உண்டு: மேல்கதவுக்குக் கீழே உட்புறம் ஒரு கல்படி நீட்டிக்கொண்டிருக்கும், நீர் வடியும்போது படகின் பின்பகுதி அதன்மேல் உட்கார்ந்துவிடக் கூடாது. அந்தப் படி எங்கே முடிகிறது என்பதைச் சுவரில் வெள்ளைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். அதற்கு முன்னே நின்றுகொள்ள வேண்டும். வெளியேறும்போது கதவையும் ஷட்டரையும் மூடிவிட்டுப் போவது உங்களுக்குப் பின்னால் வருபவருக்கும் கால்வாய்க்கும் செய்யும் உதவி.

இரண்டாவது லாக்கும் முடிந்ததும் தேநீர் போடுங்கள். சுக்கானில் நிற்பவருக்கு முதல் கோப்பை.

சர்க்கும் அதன் சுரங்கமும்

லாக்குகளுக்கு மேல் வயல்கள் ஒடுங்கி மரங்கள் நெருங்கும். கிளட்ரிட் என்ற பாலத்துக்கு அப்பால் உள்ள பதினொரு மைல் கால்வாயை 2009இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பழைய பாலங்களின் வளைவு ஓரத்தைக் கவனித்துப் பாருங்கள். குதிரை இழுத்த ஈரக்கயிறு மணலோடு உரசி உரசிக் கல்லிலும் இரும்பிலும் விரல் அளவு பள்ளங்களை அறுத்திருக்கிறது. சாம்பல் நாரை ஒன்று, நீங்கள் நெருங்கும் வரை அசையாமல் நின்று, பின் எழுந்து நூறு கஜம் முன்னால் போய் உட்காரும். மறுபடி நெருங்கியதும் மறுபடி எழும். நடக்கும் வேகத்தில் போகும் படகுக்குத்தான் அது இப்படித் துணை வருகிறது. மீன்கொத்தியைப் பார்க்க விரும்பினால் முன்பகுதியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். பின்னால் எஞ்சினுக்கு அருகில் நிற்பவருக்கு அதன் முதுகின் நீலம் மட்டுமே தெரியும்.

சர்க் என்ற ஊரின் நீர்ப்பாலத்துக்கு முன் படகை நிறுத்தி, ஒரு மணி நேரமாவது இறங்கி நடக்குமாறு வற்புறுத்திச் சொல்கிறேன். 1801இல் திறக்கப்பட்ட இந்தக் கல்பாலம், கெரியாக் என்ற ஆற்றின் பள்ளத்தாக்குக்கு மேல் 70 அடி உயரத்தில் கால்வாயைச் சுமந்து செல்கிறது. அதை ஒட்டி, அதைவிட உயரமாக, 1848இல் முடிந்த ரயில் பாலம் நிற்கிறது. நாற்பத்தேழு ஆண்டு இடைவெளியில் கட்டிய இரண்டையும் அருகருகே பார்க்கும்போது, கால்வாய்களின் காலம் எவ்வளவு விரைவாக முடிந்தது என்பது விளங்கும். ஆற்றின் நடுவில் இங்கிலாந்து முடிந்து வேல்ஸ் தொடங்குகிறது. நேரமும் காலும் இடங்கொடுத்தால், 1310இல் கட்டி முடித்த சர்க் கோட்டை வரை நடந்துவிட்டு வரலாம். ஆனால் அதற்குப் போனால் மாலைப் பொழுது சுருங்கிவிடும். நான் கோட்டையை விட்டுவிட்டு, பாலத்தைப் பார்த்தபடி கட்டுச்சோற்றைப் பிரிப்பவன்.

நீர்ப்பாலத்தில் ஒரு படகுக்கே இடம். மறுமுனை வரை பார்வை செல்லும். எதிரே எவரும் ஏறியிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு நுழையுங்கள். அது முடிந்த சிறிது தூரத்திலேயே 459 கஜ நீளமுள்ள சர்க் சுரங்கம் வாய் திறந்திருக்கும். முன்விளக்கை ஏற்றுங்கள், உள்ளே வேறு விளக்கு தெரிகிறதா என்று நின்று பாருங்கள், கூரைமேல் இருக்கும் எவரையும் கீழே இறக்குங்கள், ஒரு கனமான மேலாடையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒடுங்கிய சுரங்கத்துக்குள் எதிர்நீரோட்டம் வலுக்கும். படகு நின்றுவிட்டதைப் போலத் தோன்றும். நிற்கவில்லை. சுவரின் செங்கற்களைப் பார்த்தால் நகர்வது தெரியும். எஞ்சினை முடுக்கும் ஆசையை அடக்கி, சுக்கானில் சிறு சிறு திருத்தங்களோடு போங்கள். இருட்டைக் கண்டு அஞ்சும் குழந்தை இருந்தால், பெரியவர் ஒருவரோடு கைவிளக்குக் கொடுத்து உள்ளே ஓடும் கரைப்பாதையில் நடக்கவிடலாம். பெரும்பாலும் அவர்கள்தான் முதலில் வெளியே வருவார்கள். அடுத்து வரும் வைட்ஹவுசஸ் சுரங்கம் 191 கஜம்தான்.

ஃப்ரான்கசல்தெயில் மாலை

கால்வாய் இடப்பக்கம் வளைந்து டீ ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டியபடி போகத் தொடங்கியதும் நிறுத்துமிடம் தேடுங்கள். கரைப்பாதை உள்ள பக்கத்தில் பொதுவாக நிறுத்தலாம். வளைவிலும், பாலத்தை ஒட்டியும், படகு திருப்பும் அகலமான இடங்களிலும், லாக்கின் இறங்குதுறையிலும் கூடாது. எவ்வளவு நாள் தங்கலாம் என்பது பலகையில் எழுதியிருக்கும். அணியத்தைச் சாய்வாகக் கரைக்குக் கொண்டுவந்து, ஒருவர் நடுக்கயிற்றோடு இறங்கிப் பிடித்துக்கொள்ள, பின்னோக்கிய கியரால் படகை நிறுத்துங்கள். முளைகளைப் பாதைக்கும் தண்ணீருக்கும் இடையில், படகிலிருந்து விலகிச் சாயும்படி அடியுங்கள். முன்கயிறு முன்னோக்கியும், பின்கயிறு பின்னோக்கியும் சாய்ந்து செல்ல வேண்டும். அப்போதுதான் வேறு படகு கடக்கும்போது நம் படகு முன்னும் பின்னும் ஓடாது. முளையின் தலையில் வெள்ளைத் துணியோ பையோ கட்டிவிட்டால், இருட்டில் சைக்கிளில் வருபவர் தடுக்கி விழமாட்டார். கரை இரும்புத் தகடாக இருந்தால் முளைக்குப் பதில் கொக்கிகளை மாட்டுங்கள்.

இனி, அன்றைக்கே பொன்ட்கசல்தெ நீர்ப்பாலத்தைப் படகில் கடந்துவிட வேண்டும் என்று வீட்டார் கேட்பார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. பிற்பகலில் பகல்படகுகள் திரும்பும் நேரம். பாலத்தின் இருபுறமும் காத்திருப்பார்கள், பின்னால் வருபவரின் பொறுமையை எண்ணியே நீங்கள் கடக்க நேரிடும். படகைக் கட்டிவிட்டுக் கரைப்பாதை வழியே நடந்து அதன்மேல் போங்கள். வில்லியம் ஜெசப் என்ற பொறியாளரின் மேற்பார்வையில் தாமஸ் டெல்ஃபோர்ட் வடிவமைத்து, பத்தாண்டு உழைப்புக்குப் பிறகு 1805 நவம்பரில் திறந்துவைத்த பாலம் இது. 1,007 அடி நீளம், 18 கல்தூண்கள், ஆற்றுக்கு மேல் 126 அடி உயரம். தூண்களின் மேல் வார்ப்பிரும்புத் தகடுகளைப் பூட்டிச் செய்த ஒரு நீண்ட தொட்டி, அதற்குள் கால்வாய். கன்னியாகுமரி மாவட்டத்தில் 1966இல் 115 அடி உயரத்தில் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். தொட்டிப்பாலம் என்ற நம் சொல் இதற்கும் அப்படியே பொருந்துகிறது. மாத்தூரில் வயலுக்கு நீர் போகிறது, இங்கே அந்த நீரின்மேல் வீடு போன்ற படகுகளும் போகின்றன.

பாலத்தில் கரைப்பாதை உள்ள பக்கம் இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கிறது. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு நீர்மட்டத்துக்குச் சில அங்குலம் மேலே முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் தடுப்பு எதுவும் இல்லை, காற்றும் பள்ளத்தாக்கும்தான். உயரம் கண்டு அஞ்சுபவர் யார் என்பதை இந்த நடையிலேயே தெரிந்துகொள்ளுங்கள். மறுநாள் காலையில் பாலத்தைக் கடக்கும்போது அவர்கள் படகுக்குள் உட்கார்ந்துகொள்ளலாம், அல்லது பாதையில் நடந்து வரலாம்.

படகுக்குத் திரும்பியபின் எஞ்சினை ஓட்டாதீர்கள். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை, பிற படகுகளுக்கு அருகில் எஞ்சின் ஓட்டக் கூடாது என்பது இங்கே எல்லோரும் மதிக்கும் வழக்கம். வெந்நீர் பகலில் எஞ்சின் ஓடியபோதே சூடாகியிருக்கும். தூங்கப்போகும் முன் ஒருமுறை வெளியே வந்து இரண்டு கயிறுகளையும் இழுத்துப் பாருங்கள். அடுப்பு வாயுவை மூடுங்கள். திருகுபிடிகள் இரண்டும் உள்ளே இருக்கின்றனவா என்று எண்ணுங்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எஞ்சினைக் கிளப்பினால், பெரும்பாலும் பாலத்தில் நீங்கள் மட்டுமே இருப்பீர்கள். மறுமுனை காலியாக இருப்பதைக் கண்டபின் நுழையுங்கள். கூரையிலும் பக்கவாட்டு விளிம்பிலும் எவரும் நிற்கக் கூடாது. குழந்தைகள் முன்பகுதியில், பெரியவர் ஒருவரின் கைப்பிடிக்குள். தொட்டியே படகை வழிநடத்தும், ஆகவே சுக்கானை லேசாகப் பிடித்தால் போதும். எதிர்நீரோட்டத்தில் படகு ஊரும். எஞ்சினை அதன் குறைந்த ஓட்டத்திலேயே விட்டுவிடுங்கள்.